பழைய சர்வே எண்ணும் டிஸ்ட்யூட்டில்ஸும்

மென்பொருள் ஆவணங்களின் கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றைப் புரட்டினால் ஒரு வகைக் கமிட், அதாவது மாற்றப் பதிவு, அடிக்கடி கண்ணில் படும். "டிஸ்ட்யூட்டில்ஸ் பற்றிய குறிப்புகள் அனைத்தும் நீக்கப்பட்டன" என்று ஒற்றை வரி விளக்கம். டிஸ்ட்யூட்டில்ஸ் என்பது பைத்தான் மொழியில் பேக்கேஜ்களைக் கட்டி நிறுவ உதவிய பாகம். திறந்து பார்த்தால் டிஃப் (எது மாறியது என்ற காட்சி) முழுக்க நீக்கியதைக் காட்டும் சிவப்பு, சேர்த்ததைக் காட்டும் பச்சை வரி ஒன்றுகூட இருக்காது. வேலை சுத்தமாக முடிந்த மாதிரிதான் தெரியும். ரிவ்யூ செய்பவரும் இரண்டு நிமிடத்தில் சரி சொல்லிவிடுவார். எனக்கு அந்தச் சிவப்பு மட்டும் உள்ள டிஃப் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஒரு பாகம் போய்விட்டது என்றால், அது பார்த்துவந்த வேலையை இப்போது வேறு ஏதோ ஒன்று பார்க்கிறது, இல்லையென்றால் யாரும் பார்ப்பதில்லை. இரண்டில் எது என்று வாசிப்பவருக்கு ஒரு வரியாவது சொல்ல வேண்டும். அந்த வரி பச்சையில்தான் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலப் பத்திரம் வாசித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள் பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கின்றன. பிறகு நிலம் மறுபடி அளக்கப்பட்டு ரீசர்வே எண் வந்தது. இன்றைக்கு எழுதும் பத்திரத்தில் "பழைய சர்வே எண்" என்று ஒன்றும் "ரீசர்வே எண்" என்று ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வரி கட்டுவது புதிய எண்ணில். பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர் தன் நிலம் எது என்று கண்டுபிடிப்பது பழைய எண்ணை வைத்து. பழைய எண்ணில் வரி கட்டச் சொல்லி யாரும் அனுப்புவதில்லை, அதற்காகப் பத்திரத்திலிருந்து அதை அழிப்பதும் இல்லை. நிறுத்தப்பட்ட ஒரு பாகத்தின் பெயரை ஆவணத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நிறுவும் பக்கத்தில் ஒரே ஒரு சொல்

டிஸ்ட்யூட்டில்ஸ் கதை பைத்தான் எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். 2021 அக்டோபரில் வந்த 3.10இல் கைவிடப்படுவதாக எச்சரிக்கை வந்தது. 2023 அக்டோபரில் 3.12 வந்தபோது பாகமே போய்விட்டது. முடிவை எடுத்த ஆவணம் பெப் 632 (பெப் என்பது பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவண வரிசை). இதை எடுத்துக்கொள்ளக் காரணம், இது இரண்டு இடத்தில் ஒளிந்திருந்த பாகம். பைத்தான் நிரலுக்குள் ஒரு மாட்யூலாக இருந்தது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும், ஆப்ட் என்ற கருவி நிறுவித்தரும் தனிப் பேக்கேஜாகவும் இருந்தது. ஆவணத்தைச் சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் தேடுகிறார்கள். அடிபடுவது இரண்டாவதில்.

நிறுவும் பக்கத்தில் வழக்கமாக ஒரு நீளமான ஆப்ட் வரி இருக்கும்: கம்பைலர், பைத்தான் தலைப்புக் கோப்புகள், தரவுத்தளத்தின் கிளையண்ட் நூலகம், படம் கையாளும் நூலகம், நடுவில் எங்கோ டிஸ்ட்யூட்டில்ஸ் பேக்கேஜ். உபுண்டு 22.04இல் இந்த வரி ஒழுங்காக ஓடும், அதில் பைத்தான் 3.10. உபுண்டு 24.04இல் பைத்தான் 3.12, அந்தப் பேக்கேஜ் அங்கே கிடையாது. ஆப்ட் என்ன செய்யும்? கேட்ட ஐந்தில் நான்கை நிறுவிவிட்டு ஐந்தாவதை மட்டும் விட்டுவிடாது. பட்டியலில் ஒன்று கிடைக்கவில்லை என்றாலே மொத்த வரியையும் நிறுத்திவிடும், ஒன்றும் நிறுவப்படாது. திரையில் ஒரு பிழை வரி ஓடும். அதைக் கவனிக்காமல் அடுத்த படிக்குப் போனவருக்கு மூன்று படி தள்ளி, தரவுத்தள நூலகத்தைக் கம்பைல் செய்யும்போது தலைப்புக் கோப்பு இல்லை என்று பிழை வரும். அவர் அந்தப் பிழையைத்தான் தேடுவார். டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பெயரே அவர் கண்ணில் பட்டிருக்காது. பயனர்கள் அனுப்பும் புகார்களில் இந்தப் பாகத்தின் பெயர் குறைவாக வருவதற்கு இதுவே காரணம். "யாரும் புகார் சொல்லவில்லை, அவசரமில்லை" என்று ஆவணக் குழு இருந்துவிடும்.

இங்கே சிவப்பு டிஃப் சரியான வேலையைச் செய்துவிடுமே என்று தோன்றும். பேக்கேஜ் பெயரை அந்த வரியிலிருந்து எடுத்தால் 24.04இல் வரி ஓடும். ஓடும்தான். ஆனால் அதே பக்கத்தை 22.04 வைத்திருப்பவரும் வாசிக்கிறார். உங்கள் மென்பொருளின் பழைய வெர்ஷன் ஒன்று இன்னும் டிஸ்ட்யூட்டில்ஸைக் கூப்பிடுகிறது என்றால், அவருக்கு அந்தப் பேக்கேஜ் வேண்டும். 22.04க்கு உபுண்டுவின் வழக்கமான ஆதரவு 2027 வரை இருக்கிறது, பைத்தான் 3.11க்கும் 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. எல்லோருக்கும் போய்விட்ட பாகம் என்று அதை இப்போதே சொல்ல முடியாது. நிறுவும் பக்கத்தை வெர்ஷன்வாரியாகப் பிரித்து, 24.04க்கு ஒரு வரி, 22.04க்கு ஒரு வரி என்று எழுதுவதுதான் நேர்மையான திருத்தம். சோம்பலுக்கு இடம் கொடுத்து இரண்டையும் ஒரே வரியில் அடக்கப் பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் கைவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. திருத்தியவர் தன் கணினியில் சோதித்துப் பார்த்து "எனக்கு வேலை செய்கிறதே" என்பார். பேக்கேஜ் கட்ட உதவும் செட்டப்டூல்ஸ் என்ற நூலகம் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதியை வைத்திருக்கிறது. அது நிறுவப்பட்ட சூழலில் பழைய பெயரில் இம்போர்ட் செய்தாலும் அந்தப் பிரதி கிடைத்துவிடும். பல வருடம் வேலை பார்த்த டெவலப்பர் கணினியில் செட்டப்டூல்ஸ் எப்படியும் இருக்கும். 3.12இலிருந்து புதிதாக உருவாக்கும் வீஎன்வ் சூழலில் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) அது தானாக வராது. அதனால் எழுதியவரிடம் ஓடும், வாசித்தவரிடம் ஓடாது. ஆவணத்தில் ஒவ்வொரு கட்டளையையும் புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினியில், புது வீஎன்வுக்குள் அடித்துப் பார்த்தபிறகுதான் கமிட் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். 24.04இல் வீஎன்வுக்கு வெளியே, பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையை ஓடவிட்டால், இந்தச் சூழலை ஆப்ட்தான் நிர்வகிக்கிறது என்று மறுத்துவிடும். "செட்டப்டூல்ஸைப் பிப் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினால் வாசகர் அடுத்த சுவரில் போய் முட்டுவார். வீஎன்வ் உருவாக்கும் வரியும், அதற்கு வேண்டிய ஆப்ட் பேக்கேஜும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

சுவரில் ஒட்டிய தாள்

குலசேகரம் பக்கமோ கருங்கல் பக்கமோ ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேப் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இடி மின்னலுக்கு மோடத்தைக் கழற்றி வைக்கிற நாட்கள் நிறைய. இணையம் இல்லாத நாளிலும் கணினியைத் தயார் செய்ய வேண்டுமே என்று லேப் உதவியாளர் நிறுவும் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார். மூன்று வருடம் கழித்துப் புதுக் கணினிகள் 24.04 உடன் வருகின்றன. சுவரில் இருக்கிற வரியை அப்படியே அடிக்கிறார், நிற்கிறது. போனில் கேட்டால், "தாள்ல இருக்க மாதிரித்தான் சார் அடிச்சேன்" என்பார். அவர் சொல்வது முழு உண்மை.

இப்போது அவர் என்ன செய்வார்? தாளில் உள்ள அந்தப் பேக்கேஜ் பெயரை உங்கள் ஆவணத் தளத்தின் தேடல் பெட்டியில் அடிப்பார். அனைத்தும் நீக்கப்பட்ட தளத்தில் பூஜ்ஜியம் முடிவு. பிறகு கூகுளில் அடிப்பார். யாரோ எப்போதோ எழுதிய பதில்கள் வரும், அவற்றில் பாதி அந்தப் பேக்கேஜை வேறு வழியில் நிறுவச் சொல்லும். ஒரு பாகம் போனபிறகு அதன் பெயரைத் தேடி வருகிறவர்தான் ஆவணம் அதிகம் தேவைப்படுகிற ஆள். புதியவருக்கு அந்தப் பெயர் தெரியாது, அவர் தேடப் போவதில்லை. உட்கட்டமைப்பு அறிந்தவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். நடுவில் நிற்பவர், கையில் பழைய தாளோடு வருகிறவர், அவர் ஒருவருக்காகவே அந்தப் பெயர் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். நீக்குவதைப் பற்றிய என் கருத்து தலைகீழானது இந்த லேப் உதவியாளரை மனதில் வைத்து யோசித்தபோதுதான். அடிக்கச் சொல்கிற இடத்திலெல்லாம் பெயரை எடுத்துவிடுங்கள். தேடி வந்து சேர்கிற இடத்தில் வையுங்கள்.

பைத்தான் ஆவணமே இதைச் செய்திருக்கிறது. டிஸ்ட்யூட்டில்ஸுக்கு இன்றும் அதில் ஒரு சிறு பக்கம் உண்டு. எந்த வெர்ஷனில் கைவிடப்பட்டது, எதில் நீக்கப்பட்டது, முடிவு எந்த ஆவணத்தில், கடைசியாக அது இருந்த வெர்ஷன் 3.11 என்று நான்கு வரி, அவ்வளவுதான். உங்கள் திட்டத்துக்கு நான் இதோடு இரண்டு விஷயம் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, பயனர் திரையில் காணும் பிழைச்செய்தி, எழுத்துக்கு எழுத்து, மொழிபெயர்க்காமல். மக்கள் தேடுவது அதை ஒட்டித்தான். மற்றது, எதற்குப் பதில் எது என்ற விவரம்.

பதிலுக்கு வைப்பதில் உள்ள பள்ளங்கள்

இந்த "எதற்குப் பதில் எது" விவரத்தைத்தான் பலரும் தேடி மாற்றும் கட்டளையாக நினைத்துவிடுகிறார்கள். பெயருக்குப் பெயர் மாற்றினால் நிரல் இம்போர்ட் ஆகும், நடத்தை மாறிப்போகும். வெர்ஷன் ஒப்பிட டிஸ்ட்யூட்டில்ஸின் லூஸ்வெர்ஷன் பயன்படுத்தியவர்களுக்குப் பேக்கேஜிங் நூலகத்தின் வெர்ஷன் வகுப்பைக் கைகாட்டுகிறோம். முன்னது எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் பிரித்து வாங்கிக்கொள்ளும். பின்னது பைத்தானின் வெர்ஷன் விதிக்கு ஒத்துவராத சரத்தைக் கண்டால் பிழை எறியும். வட்டாரக் கிளைப் பெயரையெல்லாம் ஒட்டி வெர்ஷன் எழுதுகிற திட்டங்கள் இங்கே உடையும். அடைவை நகலெடுக்க ஷூட்டில் மாட்யூலின் காப்பிட்ரீ. பழையது சேருமிடம் ஏற்கெனவே இருந்தாலும் அதற்குள் எழுதும். புதியது மறுக்கும், இருந்தால் பரவாயில்லை என்கிற விருப்பத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் மட்டுமே எழுதும். அந்த விருப்பம் 3.8இல்தான் வந்தது. நிரல் எங்கிருக்கிறது என்று தேடுவதற்கு ஷூட்டிலின் விச், இதில் பெரிய தொல்லை இல்லை.

ஆம்-இல்லை சரத்தை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டூபூலுக்கு மாற்றே கிடையாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது பெப் 632. எழுதும்போது பலர் 'ட்ரூ' என்ற சொல்லோடு ஒப்பிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பழையது 'ஒய்', 'யெஸ்', 'டி', 'ட்ரூ', 'ஆன்', '1' என்ற ஆறையும் ஆமென்று எடுத்தது, எதிர்ப்பக்கத்திலும் ஆறு. இரண்டிலும் சேராததைக் கண்டால் பிழை எறிந்தது. கட்டமைப்புக் கோப்பில் 'ஆன்' என்று எழுதியிருந்த பயனருக்கு, மேம்படுத்திய மறுநாள் ஒரு வசதி சத்தமில்லாமல் அணைந்திருக்கும். ஆவணத்தின் கட்டமைப்புப் பக்கத்தில் "ஆன், ஆஃப் என்றும் கொடுக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பெயர் இல்லாததால் எந்தத் தேடலிலும் சிக்காது.

பெயர் சொல்லாத எச்சங்கள்

அதுதான் இந்த வேலையின் கடினமான பாதி. கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளையில் பெயரைத் தேடுவது காலை ஒரு மணி நேர வேலை. பெயர் இல்லாமல் அந்தப் பாகத்தைக் குறித்து நிற்கும் வாக்கியங்களைப் பிடிக்க வாசித்தே ஆக வேண்டும். "நிறுவ இரண்டு வழிகள் உள்ளன" என்று ஒரு பத்தி தொடங்கும், இரண்டாவது வழி போனபிறகும் அந்த இரண்டு அங்கேயே நிற்கும். "முதல் முறையைவிட இது வேகமானது." எந்த முதல் முறை? "4ஆம் படியில் உருவாக்கிய கோப்பைத் திறக்கவும்." நான்காம் படியை நீக்கியதில் எண்கள் மாறி, இப்போது நான்காவதில் வேறு ஏதோ இருக்கிறது. ஆவணப் பக்கங்களைக் கட்டித்தரும் ஸ்பிங்க்ஸ் கருவியில் எடுத்துக்காட்டு நிரலை வரி எண் கொடுத்து உள்ளே இழுத்திருப்பார்கள். நிரலில் ஒரு இம்போர்ட் வரியை எடுத்ததும் எல்லாம் ஒரு வரி மேலே நகர்ந்து, காட்டும் துண்டின் முதல் வரி அறுந்துபோகும். பில்ட் எந்த எச்சரிக்கையும் தராது. வரி எண்ணுக்குப் பதில் தொடக்கம், முடிவு அடையாளச் சொற்களை வைத்து இழுத்தால் இது நேராது. ஸ்கிரீன்ஷாட்டில் டெர்மினல் படமாக இருந்தால் பழைய கட்டளை அதற்குள் பத்திரமாக இருக்கும். படக் கோப்புறையைத் தனியாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவதுதான் வழி. ஒரு பெயர் ஏன் அங்கே வந்தது என்று தெரியாதபோது, கிட் லாகில் அந்தச் சரம் முதலில் சேர்க்கப்பட்ட கமிட்டைத் தேடும் விருப்பம் பெரிய துணை. காரணம் தெரிந்தால் அதைச் சார்ந்து வேறு எங்கெல்லாம் எழுதியிருப்பார்கள் என்பதும் தெரியும்.

தமிழ் ஆவணங்களில் கிரெப் பாதியும் எளிதில்லை. ஆங்கிலத்தில் முழுச்சொல் தேடல் பழக்கமானது, தமிழில் அதையே செய்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. பாகத்தை 'பெட்டகம்' என்று மொழிபெயர்த்திருந்தால் அது 'பெட்டகத்தை', 'பெட்டகத்தில்', 'பெட்டகமும்' என்று வேற்றுமையோடு வரும். 'ம்' விழுந்து 'த்து' ஏறுவதால் 'பெட்டகம்' என்று தேடினாலும் தப்பும். 'பெட்டக' என்ற அளவில் நிறுத்தித் தேட வேண்டும். ஒலிபெயர்ப்பு என்றால் டிஸ்ட்யூட்டில்ஸ், டிஸ்டுடில்ஸ், டிஸ்யுடில்ஸ் என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். யூனிகோடில் 'பொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கிரெப்புக்கு வேறு வேறு. 'ஔ' வரிசையில் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும் அடித்தவர்களும் உண்டு, அதை எந்த நார்மலைசேஷனும் (குறியீடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் மாற்றம்) சரிசெய்யாது. முதலில் கோப்புகள் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றி அதைத் தனிக் கமிட்டாக வையுங்கள். அதையும் நீக்கும் வேலையையும் ஒரே கமிட்டில் கலந்தால் ரிவ்யூ செய்பவர் எதையும் பார்க்க முடியாது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன் எழுதிய கையேடுகள் டாம், டாப் எழுத்துருக் குறியீடுகளில் இருந்தால், மாற்றியபிறகே தேட முடியும்.

கெட்டெக்ஸ்ட் என்ற கருவி வழியாக மொழிபெயர்க்கும் திட்டங்களில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஆங்கில மூலத்தில் வாக்கியம் மாறியதும், இணைக்கும் கருவி பழைய தமிழ் வாக்கியத்தை 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறித்துப் புதிய ஆங்கிலத்தோடு ஒட்டிவைக்கும். குறி இருக்கும்வரை அது வெளியீட்டில் வராது, ஆங்கிலமே தெரியும். அவசரத்தில் மொழிபெயர்ப்பாளர் குறியை மட்டும் எடுத்துவிட்டால், ஆங்கிலத்தில் போய்விட்ட பாகம் தமிழில் மட்டும் உயிரோடு இருக்கும். அதனால் இப்படி நீக்கிய வாரத்தில் ஃபஸ்ஸி வாக்கியங்களை ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு வாசிப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். காலாவதி என்று குறிக்கப்பட்டுக் கோப்பின் அடியில் கிடக்கும் வாக்கியங்களில் பெயர் சிக்கினால் பதறத் தேவையில்லை, அவை வெளியே வராது.

லிங்குகளும் காவலும்

பக்கத்தை எடுக்கும்போது முகவரியைச் சாகவிடக்கூடாது. பதில் இருக்கும் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலைக் கொடுங்கள். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது வந்தவரை வாசலில் நிறுத்துவது மாதிரி. பக்கத்தின் நடுவில் ஒரு தலைப்புக்கு நேராக வரும் லிங்கில், '#' என்ற எண்குறிக்குப் பின்னுள்ள பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதைச் சர்வரில் திருப்ப முடியாது. ஆகவே தலைப்பை எடுத்தாலும் அந்த நங்கூரப் பெயரை மாற்றுப் பகுதியின் மேல் விட்டுவைக்க வேண்டும். ரிலீஸ் நோட்ஸைத் தொடவே கூடாது. 2019இல் டிஸ்ட்யூட்டில்ஸ் ஆதரவு மேம்படுத்தப்பட்டது என்று எழுதியிருந்தால் அது 2019இல் நடந்ததுதான்.

முடிந்தபின் ஸ்பிங்க்ஸை எச்சரிக்கைகள் எல்லாம் பிழையாகும் விருப்பத்தோடு பில்ட் செய்து, லிங்க் சோதனையையும் ஓட்டுங்கள். பெயர் மறுபடி நுழையாமல் இருக்கச் சோதனை வரிசையில் ஒரு சிறு கிரெப் போதும். ரிலீஸ் நோட்ஸ், இடம்பெயர்வுப் பக்கம் (மேலே சொன்ன நான்கு வரிப் பக்கம்), 22.04இன் நிறுவும் வரி மூன்றையும் விதிவிலக்காக வைத்து, மற்ற எங்கே வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். விதிவிலக்கு ஏன் என்று அதே கோப்பில் ஒரு வரி எழுதாவிட்டால், அடுத்து வருபவர் அதையும் சுத்தம் என்ற பெயரில் துடைத்துவிடுவார். அச்செடுக்கும் பக்கத்தின் அடியில் ஆவணத்தின் வெர்ஷனும், எந்த உபுண்டுவுக்கு என்பதும் தானாக விழும்படி ஸ்டைல் கோப்பில் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

2027இல் 22.04இன் ஆதரவு முடிகிறபோது திறப்பதற்கு இப்போதே ஒரு டிக்கெட் போட்டுவையுங்கள். அன்றைக்கு அதற்கான நிறுவும் வரியும், விதிவிலக்குப் பட்டியலில் அதன் இடமும் போகலாம். லேப் சுவரில் அந்தத் தாள் அப்போதும் ஒட்டியிருக்கக்கூடும். நான்கு வரிப் பக்கம் இருக்கட்டும்.